வெளிச்சத்துக்கு மட்டும் ஆயத்தம்

எங்கள் வீட்டில் கரண்ட் போவதற்கு ஆவலோடு காத்திருந்த ஒரே ஆள் அப்பாதான். அவருக்கு அதில் அனுபவம் இருந்தது. யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லாமல் படித்து, சோதனை எழுதி, அம்மாவைப் பார்த்துச் சிரித்து, கல்யாணமும் முடித்தவர் அவர். ஆகவே இங்கே கனடாவில், குளிர்காலத்தில் கரண்ட் போகலாம், வீடுகளை ஆயத்தமாக வைத்திருங்கள் என்று நகரசபை ஆட்கள் கதவுக்குக் கதவு பிரசுரம் போட்டுக்கொண்டு போனபோது, அப்பா அதை ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களுக்கோ சொல்லித் தருகினம் என்ற சிரிப்பு அது. பிரசுரம் பிரெஞ்சில் இருந்தது. அப்பாவுக்குப் பிரெஞ்சு, சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அளவுக்குத்தான் தெரியும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற என்னிடம் தந்து வாசிக்கச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கோடையில்தான் நாங்கள் வாடகை அப்பார்ட்மெண்டை விட்டு பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு வந்திருந்தோம். அப்பார்ட்மெண்டில் சூடு என்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. சுவரோரம் இருந்த இரும்புக் குழாய்களுக்குள் எங்கிருந்தோ சுடுதண்ணீர் ஓடும். நாங்கள் உள்ளே பெனியனோடு திரிவோம். புது வீட்டில் சுவரின் அடியில் நீள நீளமான தகரப் பெட்டிகள் இருந்தன. அவைதான் ஹீற்றர்கள். அவை கரண்டில் வேலை செய்கின்றன என்பது அப்பாவுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு. அவருடைய மண்டையில் கரண்ட் போவது என்றால் இருட்டு. இருட்டை வென்றால் எல்லாம் வென்ற மாதிரி.

அப்பா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். அங்கே பக்கத்துக் கடைகளில் வீசுகிற கண்ணாடிப் போத்தல்களை எல்லாம் ஐப்பசி மாதம் முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்தார். தக்காளிச் சோஸ் வந்த போத்தல், ஒலிவ் காய் வந்த போத்தல், ஜாம் போத்தல். ஒவ்வொன்றின் மூடியிலும் ஆணியால் துளை போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துத் திரி முறுக்கி, உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நிலக்கீழ் அறையின் தட்டில் வரிசையாக அடுக்கினார். ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இப்படித்தான் ஒரு சொட்டு எண்ணெயை இரவு முழுக்க எரித்தார்களாம். கண்ணன் பிறந்த நாளுக்குப் பலகாரம் அடுக்கின மாதிரி இருந்தது அந்தத் தட்டு.

அதோடு விடவில்லை. என்னுடைய பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து, எங்கோ தேடிப் பிடித்த ஒரு டைனமோவைப் பின்சில்லில் பூட்டி, அதிலிருந்து வயர் இழுத்து ஒரு சின்ன ரேடியோவில் கொடுத்தார். பெடலைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும். நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். பற்றறி போட்டால் போகாதா என்று அம்மா கேட்டார். பற்றறி முடிஞ்சால் என்ன செய்வீர் என்று அப்பா திருப்பிக் கேட்டார். பெடல் சுற்றும் உத்தியோகம் எனக்கு என்று முடிவாயிற்று. நான் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன். கடைசியாக, கரண்ட் தேவைப்படாத பழைய சுருள் வயர் தொலைபேசி ஒன்றையும் கொண்டுவந்து சுவரில் கொழுவினார். அந்தச் சுருள் வயர் போன் ஒன்றுதான் அவருடைய ஆயத்தங்களில் உருப்படியானது. அதையும் அவர் மலிவாகக் கிடைத்ததென்றுதான் வாங்கியிருந்தார்.

அம்மா அப்போது வயிற்றில் தம்பியோடு சோபாவில் இருந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுசனுக்கு விசர் முத்திப்போச்சு என்று சொல்வார். சொல்லிக்கொண்டே திரி முறுக்கவும் உதவி செய்வார்.

தம்பி மார்கழிக்குப் பிறக்க வேண்டியவன். கார்த்திகை முடியுமுன்னரே அவசரப்பட்டு வந்துவிட்டான். அப்பாவின் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தான். ஆஸ்பத்திரித் தாதி வீட்டுக்கு அனுப்பும்போது, இந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்கத் தெரியாது, நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும், தொப்பியைக் கழற்றாதீர்கள், இருமல் தடிமன்காரர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொழிபெயர்த்தது நான்தான். அம்மா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார்.

பிள்ளை பிறந்தால் எங்கள் ஆட்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்கிற தீட்டு. அந்த வீட்டார் கோயிலுக்குப் போகமாட்டார்கள். விரதம் பிடிக்கிற வீட்டுக்குள் காலடி வைக்கமாட்டார்கள். அந்த வீட்டுக்கு வருகிறவர்களும் வாய் நனைக்காமல் திரும்பிப் போய்த் தலை முழுகிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குள் புழங்குவார்கள். செத்த வீட்டுக்கும் இதே கணக்குத்தான். கனடாவுக்கு வந்து இதையெல்லாம் பலபேர் வசதிப்படி குறைத்துக்கொண்டார்கள். குறைக்காத ஆட்களில் முதலாவது ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலில் இருந்த பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா.

பெரியம்மா கார்த்திகையில் தொடங்குகிற பிள்ளையார் விரதத்தை, இருபத்தொரு நாளும், சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் விடாமல் பிடித்தவர். குண்டுக்கு ஓடிய வருடமும் பிடித்தார். கனடாவுக்கு வந்து இறங்கி, குளிர் உடுப்புக்கூட இல்லாமல் நின்ற வருடமும் பிடித்தார். இடது கையில் மஞ்சள் பூசிய நூல்காப்புக் கட்டியிருப்பார். ஒரு நேரச் சாப்பாடு. விடியமுன் தலைமுழுக்கு. இந்த விரதத்துக்கு நடுவில்தான் தம்பி வந்து பிறந்தான்.

பார்க்க வந்தார்தான். கோட்டைக் கழற்றாமல் வாசலுக்குள்ளே நின்றபடி, அம்மா தூக்கிக் காட்டத் தம்பியைத் தூரத்திலிருந்து பார்த்தார். பத்தியக் கறிக்கு அரைத்த சரக்குத்தூளை ஒரு போத்தலில் கொண்டுவந்து நிலத்தில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. நான் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வேண்டாம் பிள்ளை என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் நூல்காப்பு இருந்தது. பெரியம்மாவுக்கு எங்களைப் பிடிக்காது என்று நான் அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். தண்ணீரை நானே குடித்தேன்.

ஐஸ் மழை அடுத்த கிழமை ஒரு மத்தியானம் தொடங்கியது. மழைதான், ஆனால் விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துவிடும். மரங்களெல்லாம் பளபளவென்று இருந்தன. நான் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். பின்னேரம் முன்வீட்டு மேப்பிள் மரத்தின் கொப்பு ஒன்று முறிந்து கம்பியில் விழுந்தது. வீடு டக்கென்று இருண்டது.

அப்பா எழும்பி நின்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பிறகு என் கல்யாண வீட்டில்தான் பார்த்தேன். போத்தல் விளக்குகளை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து யன்னல், மேசை, அலுமாரி என்று வைத்துக் கொளுத்தினார். உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. அம்மாவே தம்பியைத் தூக்கி அணைத்துக்கொண்டு நடுக் கூடத்தில் நின்று பார்த்தார். அவருக்கும் பழசு ஏதோ நினைவு வந்திருக்க வேண்டும், சிரித்தார். கொஞ்ச நேரந்தான். முகட்டில் இருந்த புகை அலாரம் மூன்றும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின. கரண்ட் இல்லாவிட்டாலும் கத்துகிற மாதிரி அவற்றுக்குள் பற்றறி இருந்தது. தம்பி நீலம் பாரித்து அழுதான். அப்பா துவாயால் விசிறினார், கதிரையில் ஏறி ஊதினார். அம்மா ஒரே ஒரு சொல் சொன்னார். எல்லா விளக்கையும் அணைத்தாயிற்று. ஐப்பசி முழுக்கச் சேர்த்த ஆயத்தம் தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

அன்றிரவு எல்லோரும் ஒரே கட்டிலில் படுத்தோம். எனக்கு அது திருவிழாவாகத்தான் இருந்தது. காலையில் எழும்பியபோது என் வாயிலிருந்து புகை வந்தது. வீட்டுக்குள்ளே. ஊதி ஊதிப் பார்த்தேன்.

அப்பா என்னைச் செய்தி கேட்க நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பெடலைச் சுற்றினேன். ரேடியோவில் ஒரு பெண் வேகவேகமாகப் பிரெஞ்சில் சொன்னார். சுற்றிக்கொண்டே கேட்கலாம், கேட்டதைத் தமிழில் சொல்ல மூச்சு வேண்டும், அதற்குச் சுற்றுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்தப் பெண்ணும் நிறுத்திவிடுவார். இப்படி ஒரு துண்டு கேட்டு ஒரு துண்டு சொல்லி, கம்பிகள் நிறைய அறுந்துவிட்டன, திருத்த இன்னும் சில நாளாகும் என்று சொன்னேன். கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டவேண்டாம், மூச்சடைத்துச் செத்துப்போவீர்கள் என்று சொன்னேன். அப்பா அந்த நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். கையிலிருந்த கரிப் பையை மெல்லக் கீழே வைத்தார். கைக்குழந்தைகளைச் சூடில்லாத வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பள்ளிக்கூட மண்டபங்களில் கட்டில் போட்டிருக்கிறோம், அங்கே கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன்.

"வெளிச்சத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?" என்று அப்பா கேட்டார்.

நான் இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்த்தேன். வெளிச்சத்தைப் பற்றி அந்தப் பெண் ஒன்றுமே சொல்லவில்லை. அப்பா தட்டில் திரும்பி வரிசைக்கு வந்திருந்த போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

மேலே அம்மா தம்பியை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, அதன்மேல் சால்வை, அதன்மேல் கோட்டு என்று இருந்தார். தம்பி பால் குடிப்பதைக் குறைத்துவிட்டான். அழவும் இல்லை. அவன் அழாமல் இருப்பது நல்லது என்று நான் நினைத்தேன். அம்மா அவனுடைய பாதத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் முகம் சின்னதாகிக்கொண்டு போனது. பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போவோம் என்றார் அப்பா. நூறு பேர் இருமுகிற இடத்துக்கோ என்றார் அம்மா. அப்பா ஹோட்டல்களுக்குப் போன் அடித்துப் பார்த்தார், எல்லாம் நிரம்பிவிட்டது. காரை எடுத்து எங்காவது போவோம் என்று பார்த்தால், அது கராஜுக்குள். கராஜ் கதவு கரண்டில் திறக்கிறது.

லவாலில் கரண்ட் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் அப்பாதான், அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லும் என்று மெதுவாகத் தொடங்கினார். அம்மா மாட்டேன் என்றார். அக்காவைக் கேட்டால் அக்கா வா என்றுதான் சொல்வா, சொல்லிப்போட்டுத் தன் விரதத்தை இடையில் விட வேண்டி வரும், அது பிழைத்தால் ஆயுளுக்கும் அவவின் மனம் ஆறாது. நானாகப் போய் அப்படி ஒரு சங்கடத்தில் அவவை நிற்பாட்டமாட்டேன். இதை அம்மா அழுதுகொண்டு சொல்லவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அது கோபத்தாலா குளிராலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் போன் அடித்தது. பெரியம்மா.

பெரியம்மாவின் குரல் போன் இல்லாமலே லவாலிலிருந்து கேட்கும் என்று அப்பா சொல்வார். நான் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் கேட்டது. உங்கட பக்கம் கரண்ட் இல்லையாமே என்றார். ஓம் அக்கா, ஆனால் ஒரு குறையும் இல்லை, இவர் எல்லாம் ஆயத்தம் செய்துதான் வைத்திருக்கிறார் என்று அம்மா ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னார். பிள்ளை எப்படி? நல்ல சுகம், நித்திரை. பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, மூத்தவளிடம் போனைக் கொடு என்றார்.

"நீ இப்ப என்ன உடுப்புப் போட்டிருக்கிறாய், பிள்ளை?"

இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஜக்கெட் போட்டிருக்கிறன், தொப்பி போட்டிருக்கிறன், கட்டிலுக்கு மேல சப்பாத்தோட இருக்கிறன், அம்மா ஏசேல்லை என்று அடுக்கினேன். "கிளவுஸும் போட்டிருக்கிறம். தம்பிக்குக் கிளவுஸ் இல்லை, அப்பாவின்ர சொக்ஸுக்குள்ள விட்டிருக்கு."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதென்று நினைத்து நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். கடைசியில், அம்மாவிடம் கொடு என்றார்.

"உனக்குச் சொல்லாமல் விட்டிட்டன்," என்றார் பெரியம்மா. "எங்கட இவற்ர சித்தப்பா ஊரில காலமை மோசம் போயிட்டார். எங்கட வீட்டிலயும் துடக்குத்தான். விரதமும் விட்டாச்சு. இனி உங்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? பிள்ளையைச் சுத்திக்கொண்டு வெளிக்கிடு. இவர் வானைக் கொண்டு வாறார்."

அம்மா வாயில் கையை வைத்தார். எப்படி அக்கா என்றார். நித்திரையில் என்று பதில் வந்தது. அம்மா உண்மையாகவே அழுதார். பெரியப்பாவின் அந்தச் சித்தப்பா அம்மாவின் கல்யாணத்துக்கு வந்து ஆசீர்வாதம் செய்தவராம், நல்ல மனுசனாம். அழுதுகொண்டே எழும்பி, அழுதுகொண்டே தம்பியின் உடுப்புகளைப் பையில் அடைத்தார். நல்ல நேரம் பாத்துத்தான் போயிருக்கிறார் என்று அப்பா வாய்க்குள் சொன்னதை அம்மா கேட்டுவிட்டு ஒரு பார்வை பார்த்தார். எனக்கோ முகம் தெரியாத அந்தத் தாத்தாமேல் பெரிய நன்றி வந்தது. எங்களுக்காகவே செத்த மாதிரி இருந்தது.

பெரியப்பா பொருட்கள் ஏற்றி இறக்குகிற வேலைக்கு வைத்திருந்த வானில் வந்தார். அவர் எப்போதும் அதிகம் கதைக்காத மனிதர். வானில் ஏறியதும் அம்மா, கேள்விப்பட்டன் அத்தான், கவலையாய்க் கிடக்கு என்றார். பெரியப்பா கண்ணாடியில் ஐஸ் வழிக்கிற துடைப்பானையே பார்த்தார். "ஓம்... வயசு போட்டுதுதானே" என்றார். அதற்குப் பிறகு ஆற்றுப் பாலம் கடந்து லவால் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. மனுசன் நல்லாய் உடைஞ்சு போனார் என்று அம்மா அப்பாவின் காதுக்குள் சொன்னார்.

பெரியம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் நின்றார். நாங்கள் சப்பாத்துக் கழற்றமுன்னரே அம்மாவின் கோட்டுக்குள் கையை விட்டுத் தம்பியை எடுத்துத் தன்னுடைய சுவெற்றரை விலக்கி நெஞ்சுக்குள் வைத்து மூடினார். அப்படியே ஹீற்றரின் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு அழுகை வந்தது. முதலில் முனகல், பிறகு நல்ல பசி அழுகை. அம்மா அப்போதுதான் கோட்டைக் கழற்றினார். அப்பா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூக்கைச் சீறுகிற சத்தம் கேட்டது.

தம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையில் நூல்காப்பு இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் மட்டும் வளையமாக ஒட்டியிருந்தது.

கரண்ட் வரும்வரை அங்கேதான் இருந்தோம். சாமியறைக் கதவு பூட்டிக்கிடந்தது. துடக்கல்லவா. ஒரு நாள் விடிய நான் எழும்பிப் போனபோது பெரியம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பூட்டின கதவுக்கு முன்னால் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. செத்தவருக்காகக் கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

ஊருக்கு எடுத்துத் துக்கம் விசாரிக்க வேண்டுமென்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னார். பெரியம்மா விடவில்லை. துடக்கு வீட்டிலிருந்து துடக்கு வீட்டுக்குப் போன் எடுக்கக் கூடாது என்றார். அப்படி ஒரு முறையை அம்மா அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் முறைகளைப் பற்றி பெரியம்மாவோடு யார் வாதாடுவது? பெரியப்பா மட்டும் அந்த நேரம் பார்த்து வெளியில் ஐஸ் கொத்தப் போய்விட்டார். அந்தக் கிழமை அவர் கொத்தின மாதிரி லவாலில் ஒருவரும் ஐஸ் கொத்தியிருக்கமாட்டார்கள்.

ஒரு மத்தியானம் பெரியம்மா குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மா எடுத்தார். நான் படியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தேன். ஆர் கதைக்கிறது என்று கேட்ட அம்மா, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு மிக மரியாதையான குரலில், ஓம் மாமா, நான் தங்கச்சிதான், எல்லாரும் நல்ல சுகம், பிள்ளையும் சுகம், அக்கா குளிக்கிறா, பேந்து எடுங்கோ என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் இருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் கண்ணில் தண்ணீர். அழுகிறார் என்று நினைத்தால் சிரிப்பு. ஆரம்மா என்று கேட்டேன். தெரிஞ்ச ஆக்கள் என்றார்.

பெரியம்மா தலையில் துவாயோடு வந்தார். அம்மா எழும்பிப் போய் அவரைக் கதிரையில் இருத்தி, துவாயை வாங்கி, தலையைத் துடைத்துவிட்டார். மெல்ல மெல்ல, ஒவ்வொரு பிரியாக. "என்னடி இது புதுசாய்?" என்று பெரியம்மா கேட்டார். ஒன்றுமில்லை அக்கா என்றார் அம்மா.

அடுத்த கார்த்திகைக்குள் அப்பா விறகடுப்பு ஒன்று பூட்டி, கராஜ் கதவைக் கையால் திறக்கவும் பழகிவிட்டார். போத்தல் விளக்குகளையும் எறியவில்லை. அம்மாவிலும் ஒரு மாற்றம் வந்தது. ஊருக்கு யார் போனாலும் ஒரு வேட்டியும் சால்வையும் வாங்கிக் கொடுத்துவிடுவார். யாருக்கென்று அப்பா கேட்டால், லவால் அக்காவின்ர ஆக்களுக்கு என்பார்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் கொலிச்சில் படிக்கும்போது, பெரியப்பாவின் பக்கத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் முன்வரிசையில் சால்வையோடு ஒரு முதியவர் இருந்து வடையை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து விசாவில் வந்திருக்கிற பெரியப்பாவின் சித்தப்பா என்றார்கள். பெரியப்பாவுக்கு எத்தனை சித்தப்பா என்று கேட்டேன். ஒரே ஒருவர்தானாம். நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்து, வா வா சாப்பாட்டுக்கு இடம் போய்விடும் என்று அவசரமாக மறுபக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டார். நேரே போய் அந்தப் பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். "நீங்கள் கனகாலம் இருக்கோணும் மாமா" என்றார். அவர் வாய் நிறைய வடையோடு, நீ அனுப்பின சால்வைதான் பிள்ளை இது, ஒவ்வொரு வருசமும் எனக்கேன் அனுப்புகிறாய் என்று கேட்டார். பின்னால் நின்ற பெரியம்மாவின் சேலைத் தலைப்பு நழுவியிருந்தது; அம்மா அதை எடுத்துச் சரியாகத் தோளில் போட்டுவிட்டு, வாங்கோ அக்கா சாப்பிடுவம் என்றார். இருவரும் கையைப் பிடித்தபடி போனார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அம்மா அந்தப் போனைப் பற்றிச் சொன்னார். கனடாவில் ஐஸ் மழையாம் என்று கேள்விப்பட்டு, செத்தவரே சுகம் விசாரிக்க எடுத்திருந்தார். அப்பா காரை ஓரமாக நிற்பாட்டிவிட்டுச் சிரித்தார். பின்சீட்டில் என் பக்கத்தில் தம்பி ஒன்றும் விளங்காமல், காலை நீட்ட இடமில்லாமல், வளர்ந்த பையனாக இருந்தான்.

இப்போது எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு பிள்ளை இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் டோர்ச், தண்ணீர், கம்பளி, விறகு என்று நானும் ஆயத்தம் செய்கிறேன். அப்பா தன் பங்குக்கு ஒரு போத்தல் விளக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எங்கள் பக்கம் கரண்ட் போனால் பெரியம்மா இன்றும் எடுப்பார். எடுத்ததும் என்ன உடுப்புப் போட்டிருக்கிறாய் என்றுதான் கேட்பார். பெனியன் என்றே சொல்லுவேன். கிளவுஸ் என்று வாய்தவறிச் சொன்னால் ஊரில் யாருக்கு என்ன ஆகுமோ.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார், நான் சரியாகப் பதில் சொன்னேன் என்பதுதான். போன் சும்மா கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் தன் வாழ்நாள் விரதத்தை விட்டார். பொய்யே சொல்லாத வாயால் நல்ல மனிதர் ஒருவரைச் சாகடித்தார். தங்கைக்கு மறுக்க முடியாத ஒரு காரணத்தைத் தேடி எடுத்தார். நூல்காப்பையும் அப்போதே கழற்றியிருப்பார். நானோ மறுமுனையில் ஆளில்லை என்று நினைத்து, ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.